குழி ராஜா

வீரம்மாவுக்கு உட்காரவே வராது. அடுத்தடுத்த வீட்டில் இத்தனை காலம் குடியிருந்திருக்கிறோம், அவள் ஓரிடத்தில் குந்தி நிதானமாக ஒரு வாய் சோறு தின்று நான் பார்த்ததில்லை. சட்டியிலிருந்தே அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள், காலால் விறகைத் தள்ளுவாள், கழுத்தை நீட்டி வாசலில் யார் போகிறார்கள் என்று பார்ப்பாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைப் பலகைச் சுவர்தான். அவள் நடக்கிற சத்தம் நின்றுவிட்டால் எனக்கு ஏதோ போல இருக்கும்.

"ஏண்டி, கால்ல என்ன சக்கரமா கட்டியிருக்கு?" என்று கேட்பேன்.

"உக்காந்தா தூக்கம் வந்துரும் இராஜம்மாக்கா" என்பாள்.

அப்படிப்பட்டவள், புருஷனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன அன்று மத்தியானம், வாசல்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்த பிறகுதான் விஷயம் எவ்வளவு பெரிது என்று எனக்கு உறைத்தது.

பெரிய வெள்ளம் வந்து வடிந்ததற்கு அடுத்த வருஷம் அது. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே வரிசை வீடுகளின் பலகைகளில் தண்ணீர் நின்ற கோடு அப்போதும் அழியவில்லை. என் வீட்டுக்காரர் தண்டவாளத்தில் பாயிண்ட்ஸ் மாற்றுகிறவர். வீரம்மாவின் புருஷன் பக்கிரிசாமிக்குச் செந்தூல் ரயில்வே பட்டறையில் வார்ப்பட வேலை. மண்ணில் அச்சு எடுத்து, அதில் இரும்பையும் பித்தளையையும் உருக்கி ஊற்ற வேண்டும். காலை ரயிலில் போய் அந்தி ரயிலில் வருவார். மூக்குக்குள் வரைக்கும் கரி. வாயைத் திறந்து பேசுவது அபூர்வம். நல்ல மனுஷர்தான், ஆனால் கல்லோடு பேசினால்கூடப் பதில் வரும் என்று வீரம்மா அலுத்துக்கொள்வாள்.

இந்த வம்பெல்லாம் ஓர் அரை வெள்ளிக் காசால் வந்தது.

ஒரு சம்பள நாளில் அவர் கொண்டுவந்த பணத்தில் அது இருந்தது. ஒரு பக்கத்தில் ராஜா தலை, தாடி, கிரீடம், எல்லாம் சரியாக இருந்தது. திருப்பினால் எண் இருக்க வேண்டிய பக்கத்தில் எண் இல்லை. அங்கேயும் ராஜாதான். ஆனால் இந்த ராஜா மேலே எழும்பி நிற்கவில்லை, உள்ளே குழிந்து கிடந்தார். முகமும் மறுபக்கம் திரும்பியிருந்தது. மெழுகில் ஒரு காசை அழுத்தி எடுத்தால் விழுமே பள்ளம், அதே மாதிரி. அடுத்த நாள் பக்கிரிசாமி அதைத் திருப்பிக் கொடுக்கப் போனார். சம்பளம் எண்ணிக் கொடுத்த ஆபீஸ் கிராணி, சன்னலை விட்டுப் போன காசுக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டான். பாசார்ச் சந்தையில் மீன்காரன் தூக்கிப் பார்த்து, "தா மாவு", வேண்டாம் என்று மலாயில் சொல்லித் திரும்ப எறிந்தான். மளிகைக் கடையில் கையாலேகூடத் தொடவில்லை.

அரை வெள்ளி என்றால் ஐம்பது காசு, சும்மாவா? வீட்டில் சண்டை. எனக்குச் சுவர் வழியாக எல்லாம் கேட்டது.

"வாங்கும்போது கண்ணு எங்க போச்சு உங்களுக்கு?"

"கூட்டம்."

"கூட்டமாம் கூட்டம்! எல்லாருக்கும் ஒழுங்கு ராஜா, உங்களுக்கு மட்டும் குழி ராஜாவா?"

சொல்லிக்கொண்டே அவள் காசை விட்டெறிந்திருக்கிறாள். அது போய், ஆறவைத்திருந்த தேங்காய் மிட்டாய்த் தட்டில் விழுந்தது. வீரம்மா அப்போதே தேங்காய் துருவி, சீனிப்பாகில் கிளறி, ஏலமும் துளி மஞ்சளும் போட்டு, ரயில் கேட்டருகில் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். காசைப் பிடுங்கி எடுத்தபோது மிட்டாயில் ராஜா முகம் அச்சாக எழும்பி நின்றது. தாடி மயிர்கூடத் தெரிந்தது.

"அக்கா! இங்க வாங்களேன்! ஓடியாங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் நான் பாம்போ என்று விளக்குமாற்றோடு ஓடினேன்.

அன்றிலிருந்து அது ராஜா மிட்டாய். மிட்டாயை வில்லை வில்லையாகத் தட்டி, தேயிலைப் பெட்டியில் வரும் ஈயத்தாளை மேலே போர்த்தி, குழிப் பக்கத்தை வைத்து ஓர் அழுத்து. வெள்ளிக் காசு மாதிரியே பளபளக்கும். பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் மொய்த்துக்கொள்வார்கள். வண்டிக்காரர்களும் வாங்குவார்கள். எங்கும் செல்லாத காசைச் செல்ல வைத்துவிட்டேன் பார்த்தீர்களா என்று அவளுக்கு ஏகப் பெருமை. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் எவனோ ஒரு குடிகாரன் வேலையைக் காட்டினான். மிட்டாயைத் தின்றுவிட்டு ஈயத்தாள் கூட்டைப் பத்திரப்படுத்தி, இரண்டு கூடுகளுக்கு நடுவே செங்கல் சூளைக் களிமண்ணை அடைத்துக் காயவைத்து, சம்பள நாள் அந்தியில் கள்ளுக்கடையில் அரை வெள்ளி என்று நீட்டியிருக்கிறான். கல்லாவில் இருந்த சின்னையா கூட்ட நெரிசலில் வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டான், பாக்கிச் சில்லறையும் கொடுத்தான். மறுநாள் கடைக் குத்தகைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்து அவனைக் கிழி கிழி என்று கிழித்திருக்கிறார். சின்னையா நேரே போலீசுக்குப் போனான். ராஜா முகம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஊரில் எந்தக் குழந்தையும் கைகாட்டுமே.

வந்தார்கள். சட்டிபானையைப் புரட்டினார்கள். அடுப்படியில் ஈயத்தாள் கட்டு கிடைத்தது, அரிசிப் பானையில் காசு கிடைத்தது. இன்ஸ்பெக்டர் துரை அந்தக் குழியை வெளிச்சத்தில் பார்த்தார். வீட்டுக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்டார். வார்ப்பட வேலை என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். கள்ளக்காசு அடிக்கிற அச்சு என்று முடிவுகட்டிவிட்டார்கள். களிமண் காசு வெள்ளோட்டமாம், அடுத்தது ஈயத்தில் ஊற்றப் போகிறார்களாம். பட்டறையிலிருந்து நேராகவே பக்கிரிசாமியைக் கொண்டுபோனார்கள்.

துரைக்கு மொழிபெயர்க்கிற ராதாகிருஷ்ணன் கிராணி எங்கள் வரிசைக்குத் தெரிந்தவர். போகிற போக்கில் எங்களிடம் மெதுவாகச் சொன்னார். "ராஜா முத்திரை விஷயம்மா. ஜெயில் முடிஞ்சாலும் விடமாட்டாங்க. கப்பல்ல ஏத்தி ஊருக்கு அனுப்பிருவாங்க. திரும்ப இந்த மண்ண மிதிக்க முடியாது."

அதைக் கேட்டுத்தான் வீரம்மா படியில் உட்கார்ந்தாள்.

"ஊர்ல யாரு இருக்கா அக்கா எங்களுக்கு?" என்றாள். "அவரு அப்பன் ஆத்தாவ இங்கதான் பொதைச்சோம். எங்க போயி நிப்பாரு? பேசக்கூடத் தெரியாதே அந்த மனுஷனுக்கு."

"எந்திரி மொதல்ல."

"நாந்தானே அக்கா அச்சு வச்சேன். அவரு அந்த மிட்டாயத் தின்னதுகூட இல்ல. பல்லு கூசுதும்பாரு."

"எந்திரிடின்னா! நீ உக்காந்தா எனக்குக் கை கால் ஓடல."

எழுந்தாள். எழுந்த பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். வானம் மூடிக்கொண்டு நின்றது, மழையும் வரவில்லை, காற்றும் இல்லை. பின்னால் ரயில் யார்டில் பெட்டிகளைக் கோக்கிற சத்தம் டமார் டமார் என்று வரும்போதெல்லாம் அவள் தோள் தூக்கிப்போட்டது. திடீரென்று நின்றாள்.

"கிள்ளான் பாய்!" என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. முன்பு தெரிந்தவர் ஒருவரைக் கப்பலேற்றப் போனபோது கிள்ளானில் காசு மாற்றுகிற ஜெய்னுதீன் பாயிடம் இந்தக் காசைக் காட்டியிருக்கிறார்கள். அவர் ஒருவர்தான் அதைப் பார்த்து முகம் சுளிக்காதவர். ஒரு முழு வெள்ளி தருகிறேன், கொடுத்துவிடு என்றுகூடக் கேட்டாராம். இவள்தான் மிட்டாய் ஓடுகிறது என்று கொடுக்கவில்லை.

விடிந்ததும் இரண்டு பேரும் ரயில் ஏறினோம். வழி நெடுக அவள் உட்காரவில்லை, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். கிள்ளானில் இறங்கியதும் சேற்று வாடையும் கருவாட்டு வாடையும் முகத்தில் அடித்தது. பாயின் கடை ஓர் ஆள் அகலம்தான். முன்னால் கம்பி, உள்ளே பலகை, பலகையில் ஒரு கருங்கல். வாங்குகிற காசையெல்லாம் அந்தக் கல்லில் போட்டு ஓசை கேட்டுத்தான் பெட்டியில் போடுவார். எங்கள் கதையைக் கேட்டுத் தாடியைத் தடவினார்.

"அது கள்ளக்காசு இல்ல தங்கச்சி. நான் அன்னைக்கே சொன்னேனே. சீமையில காசு அடிக்கிற எந்திரத்துல மேலயும் கீழயும் அச்சு இருக்கும். நடுவுல வெள்ளித் தகட்ட வச்சு ஓங்கி ஒரே அடி. அடிச்ச காசு கீழ விழணும். எப்பவாச்சும் விழாம ஒரு அச்சுலயே ஒட்டிக்கிடும். அடுத்த தகடு வரும்போது அந்தப் பக்கம் அச்சு அடிக்காது, ஒட்டிக்கிட்டிருக்கிற காசுதான் அடிக்கும். அதோட மூஞ்சி இதுல குழியா விழுந்துரும். எந்திரம் பண்ணுன தப்பு. நாகப்பட்டணத்துல செப்புக்காசுல ஒண்ணு இப்படிப் பார்த்திருக்கேன்."

"இத நீங்க தொரைகிட்டச் சொல்லணும் பாய்."

"போலீசு வாசலுக்கா?" பாய் கைகளை விரித்தார். "என் தொழிலே காசு. இவனுக்குக் கள்ளக்காசுக்காரனோட என்ன பழக்கம்னு கேப்பான். நாளைக்கே என் பெட்டியக் கொட்டிப் பாப்பான். புள்ளகுட்டிக்காரன் நான்."

"அந்தக் காசையே நீங்க எடுத்துக்குங்க பாய். ஒரு காசு குடுக்க வேணாம்."

"கேஸ்ல இருக்குற காச வச்சு நான் என்ன பண்றது?"

வீரம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கோபம் வந்துவிட்டது அவளுக்கு.

"அப்ப அன்னைக்கு ஏன் பாய் நெசக் காசுன்னு சொன்னீங்க? மீன்காரன் மாரி நீங்களும் தூக்கி எறிஞ்சிருந்தா, நானும் கொண்டுபோயி ஆத்துல போட்டிருப்பேன். நெசம்னு நீங்க சொன்னதத்தான் நம்பி அரிசிப் பானையில வச்சேன். இப்ப அவரு உள்ள கெடக்காரு."

பாய் திரும்பி, வந்த ஒரு சீனனுக்குச் சில்லறை மாற்றிக் கொடுத்தார். ஒவ்வொரு காசாகக் கல்லில் போட்டார். அவன் போன பிறகு கல்லை எடுத்துத் துணியில் சுற்றினார்.

"நான் சொன்ன பேச்சு அது. பேச்சுக்கு நான் வந்துதான் ஆகணும்" என்று எழுந்து தொப்பியை மாட்டினார். வெளியே வந்து கதவைப் பூட்டும்போது, "உன் வாய் இருக்கே தங்கச்சி, அதுக்கே தனியா வரி போடணும்" என்றார்.

நாங்கள் மூவரும் ரயிலில் திரும்பி வந்து சேர்ந்தபோது போலீஸ் நிலையத்தில் துரை மேசைக்குப் பின்னால் இருந்தார். முகம் வேர்த்துச் சிவந்துகிடந்தது. பக்கத்தில் கஞ்சி போட்ட சட்டையில் ராதாகிருஷ்ணன் கிராணி நின்றார். பக்கிரிசாமியைக் கூட்டிவந்தார்கள். ஒரே ராத்திரியில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வீரம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"சாப்பிட்டீங்களா?" என்று வீரம்மா கேட்டாள். அந்த இடத்தில் அவளுக்குக் கேட்கத் தோன்றியது அதுதான். அவர் ஆமாம் என்று தலையாட்டினார். பொய் என்று எனக்கே தெரிந்தது.

பாய் தன் கல்லை மேசையில் வைத்து, எந்திரத்தில் காசு ஒட்டிக்கொள்கிற கதையை மறுபடி சொன்னார். கிராணி அதை இங்கிலீஷில் சொன்னார். துரை பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு ஏதோ சொன்னார்.

கிராணி எங்களைப் பார்த்தார். "காசு நெசமாவே இருக்கட்டும்னு சொல்றாரு. சீமையில தப்பா அடிச்ச காசாவே இருக்கட்டும். ஆனா குழி குழிதானே? ஒரு வார்ப்படக்காரன் கையில அது கெடைச்சா என்ன செய்வான்னு கேக்குறாரு."

பாய் கல்லை மறுபடி துணியில் சுற்றப் போனார். இவ்வளவு தூரம் கூட்டிவந்து, காசு குற்றமற்றது, புருஷன்தான் குற்றவாளி என்று ஆகிவிட்டதே என்று நினைத்தேன். வீரம்மாவின் கை என் கையை நசுக்கியது.

துரை மேசை இழுப்பறையைத் திறந்து, காசு வைத்திருந்த சிகரெட் டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்தவர் சட்டென்று கையை உதறினார். மறுபடி உதறினார். டப்பா உருண்டது, காசு மேசையில் விழுந்தது. காசா அது? ராஜா முகமே தெரியவில்லை. குழி நிறைய எறும்பு. தாடியில் எறும்பு, கிரீடத்தில் எறும்பு, டப்பாவிலிருந்து இழுப்பறை வரைக்கும் ஒரே சாரை. துரை கழுத்துப் பட்டைக்குள் விரலை விட்டுத் துழாவினார். வாசலில் நின்ற போலீஸ்காரன் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வீரம்மா முன்னால் போய்விட்டாள்.

"கிராணி ஐயா, தொரைகிட்டக் கேளுங்க. ஈயம் ஊத்துற அச்சுல எறும்பு ஏறுமா? என்ன தேடி வந்துச்சு அது? சீனிதானே? தாடியிலயும் காதுலயும் எவ்வளவு கழுவுனாலும் பாகு போவாது. கேளுங்க ஐயா, சும்மா நிக்காதீங்க!"

பாயும் உயிர் வந்தவர் போலக் காசை எடுத்து எறும்பை ஊதினார். "தொரை பாக்கட்டும். ஈயத்த உருக்கி இதுல ஊத்தினா அது வெள்ளியக் கவ்விக்கிடும், பிரிச்சே எடுக்க முடியாது. பிரிச்சாலும் குழி கருத்துப் போயிருக்கும். இதுல மஞ்சதான் இருக்கு. இன்னொண்ணு. ரெண்டு பக்கமும் ராஜா இருக்குற காச, தெளிவா இருக்கிறவன் எவன் வாங்குவான்?"

துரை காசை மூக்கருகே கொண்டுபோனார். முகர்ந்தார். பிறகு வீரம்மாவைப் பார்த்து மலாயில் சொன்னார், செய்து காட்டு என்று.

நிலையத்துக்குப் பின்னால் போலீஸ்காரர்களின் சமையல் கொட்டகையில் அடுப்பு மூட்டினாள். நான் பாசாருக்கு ஓடித் தேங்காயும் சீனியும் வாங்கிவந்தேன். ஈயத்தாளுக்கு அவர்கள் பிடித்துவைத்திருந்த கட்டே இருந்தது. பாகு பதத்துக்கு வரும்வரை அவள் சட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பதம் வந்ததும் கை தானாக ஓடியது. தட்டினாள், வில்லை போட்டாள், தாளைப் போர்த்தினாள், குழியை வைத்து அழுத்தினாள். ராஜா எழும்பினார். துரை அதையும் கள்ளுக்கடையில் பிடித்த களிமண் காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இரண்டிலும் ராஜாவின் காதுக்குக் கீழே ஒரே கீறல்.

"அப்ப அச்சு வச்சது நீதான்" என்று கிராணி துரை சொன்னதைச் சொன்னார்.

"நான்தான். மிட்டாய்க்கு வச்சேன். அவருக்கு இதுல ஒண்ணும் தெரியாது. புடிக்கணும்னா என்னப் புடிங்க, அவர விடுங்க."

அப்போதுதான் பக்கிரிசாமி வாயைத் திறந்தார். "இல்ல. அவள விடுங்க" என்றார். உதடு கோணிக்கொண்டது. கரித் துண்டால் கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் கறுப்பாகிவிட்டது.

சின்னையாவைக் கூப்பிட்டு வந்தார்கள். அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "காசு குடுத்தவன் வேற ஆளுங்க. பக்கிரிசாமியண்ணன் கள்ளுக்கடைப் பக்கமே வராதவரு" என்று முணுமுணுத்தான்.

"இத நேத்தே சொல்றதுக்கு ஒனக்கு என்னடா கேடு?" என்று நான் கேட்டே விட்டேன். போலீஸ் நிலையம் என்றுகூடப் பார்க்கவில்லை.

"கேக்கலியே அக்கா யாரும்" என்றான்.

துரை ஒரு மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டார். மெல்ல மென்றார். பிறகு கிராணியிடம் நீளமாக ஏதோ சொல்லி எழுதச் சொன்னார். பக்கிரிசாமி வீட்டுக்குப் போகலாம். ஆனால் ராஜா முகத்தை இனிமேல் எதன்மேலும் அழுத்துவதில்லை என்று வீரம்மா கைநாட்டு வைக்க வேண்டும். குழிக் காசு துரையிடமே இருக்கும். பதிலுக்கு ஒழுங்கான அரை வெள்ளி ஒன்று கொடுப்பார்கள்.

"அது என் காசு" என்றாள் வீரம்மா.

"விட்டுரு வீரம்மா" என்றார் பக்கிரிசாமி.

அவள் அவரைப் பார்த்தாள். நாலா பக்கமும் கரி அப்பிய அந்த முகத்தைப் பார்த்தபடியே கட்டைவிரலை நீட்டினாள். கிராணி மை தடவி அழுத்தினார். நாங்கள் வெளியே வரும்போது துரை காசைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுப் பொம்மை கிடைத்த பிள்ளைக்கு இருக்கிற முகம். அது அரசாங்கக் கஜானாவுக்குப் போனதா, அவர் பெட்டிக்கே போனதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பாய் மட்டும், "நான் அன்னைக்கு ஒரு வெள்ளி தர்றேன்னு சொன்னேனே, கேட்டியா?" என்று ரயிலடி வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தார்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் வீரம்மா மிட்டாய் போடவில்லை. மாற்றிக் கொடுத்த அரை வெள்ளியைப் பானையில் வைத்திருந்தாள். எடுத்துப் பார்ப்பாள், வைப்பாள். "இந்தக் காச எந்தக் கடையிலயும் வாங்குவான் அக்கா. ஆனா இது எனக்கு எதுக்கு ஆகும்?" என்பாள். நடையும் ஓயவில்லை, வேலையும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சும்மா நடக்கிற சத்தம் எனக்கே தாங்கவில்லை. பக்கிரிசாமி மீண்டும் பட்டறைக்குப் போகத் தொடங்கியிருந்தார். ஒருநாள் தானாகவே பேசினார்.

"பித்தளையில ஒண்ணு ஊத்தித் தரட்டா? மயிலு போடலாம்."

"ஐயோ சாமி! எந்த அச்சும் இந்த வீட்டுக்குள்ள வேணாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

இரண்டொரு நாள் கழித்துத் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்த்தேன். வில்லைகளைத் தட்டி வரிசையாக வைத்திருந்தாள். சூடு ஆறுவதற்குள் ஒவ்வொன்றின் நடுவிலும் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள். அன்று மை தடவின அதே விரல். ரேகை அப்படியே சுழி சுழியாகப் பதிந்தது.

சாயங்காலம் கேட்டருகில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ஈயத்தாள் இல்லாததும் ராஜா இல்லாததும் அவர்களுக்குப் பெரிய குறை. முன்னால் நின்ற ஒரு சின்னப் பெண் மிட்டாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ராஜா எங்க?"

"ராஜாவத் தொரை எடுத்துக்கிட்டாரு" என்றாள் வீரம்மா.

"அப்ப இது யாரு?"

வீரம்மா தட்டை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, அடுத்த பிள்ளைக்குக் கையை நீட்டியபடியே சொன்னாள்.

"இது நானு."